தாமதமாக வந்து சேரும் தலையசைப்பு

உளவியல் சிகிச்சையின் கதை, சிகிச்சையாளர் தன் முகத்தை மறைத்துக்கொண்ட இடத்தில் தொடங்குகிறது. வியன்னாவில் சிக்மண்ட் ஃப்ராய்ட் தன்னிடம் வருபவர்களைச் சாய்மெத்தையில் படுக்கவைத்தார். அவர்கள் தலைமாட்டுக்குப் பின்னால், கண்ணில் படாத இடத்தில், நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். ஏன் இந்த ஏற்பாடு என்பதற்கு 1913-இல் எழுதிய கட்டுரையில் அவரே காரணம் சொல்கிறார். நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் யாராவது தன்னையே பார்த்துக்கொண்டிருப்பது அவருக்குத் தாங்கவில்லை. தவிர, கேட்டுக்கொண்டிருக்கும்போது தன் முகத்தில் ஓடுவதைப் பார்த்து, வந்தவர் தன் பேச்சைத் திருப்பிக்கொண்டுவிடுவார் என்றும் கருதினார். இரண்டாவது காரணம்தான் பாடநூல்களில் இடம்பிடித்தது. எனக்கு முதல் காரணத்தின் நேர்மை பிடித்திருக்கிறது. மடிக்கணினிக்கு முன்னால் அடுத்தடுத்து ஆறு பேருடன் பேசி முடித்து எழும் இன்றைய ஆலோசகர் யாரும் ஃப்ராய்டின் அந்த அலுப்பைப் புரிந்துகொள்வார்.

இரண்டாவது காரணத்திலும் ஒரு ஒப்புதல் இருக்கிறது. கேட்பவரின் முகம் சும்மா இருப்பதில்லை. அது பேசுகிறவரைத் தூண்டுகிறது, தடுக்கிறது, திசைதிருப்புகிறது. ஃப்ராய்ட் அதை ஆபத்தாகப் பார்த்தார். அமெரிக்க உளவியலாளர் கார்ல் ராஜர்ஸ் அதையே மருந்தாகப் பார்த்து, நாற்காலியை எதிர்ப்பக்கம் கொண்டுவந்து போட்டார்.

ராஜர்ஸ் 1957-இல் ஒரு கட்டுரை எழுதினார். சிகிச்சையால் ஒருவரிடம் மாற்றம் வர ஆறு நிபந்தனைகள் வேண்டும், அந்த ஆறு போதும் என்பது அதன் துணிச்சலான வாதம். அவற்றில் ஒத்துணர்வு, நிபந்தனையற்ற ஏற்பு, பாசாங்கின்மை ஆகிய மூன்றும் புகழ்பெற்றன. கடைசியாக வரும் ஆறாவதைப் பலர் மறந்துவிட்டார்கள். ஆலோசகர் உள்ளுக்குள் எவ்வளவு உருகினாலும் சரி, அந்த உருக்கம் கொஞ்சமாவது எதிரில் இருப்பவருக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்கிறது அது. இணையவழி ஆலோசனையில் சிக்கலாகியிருப்பது இந்த ஆறாவது நிபந்தனைதான். ஆலோசகரின் மனம் அதேதான், படிப்பும் அதேதான். இடையில் ஒரு கேமரா, ஒரு கண்ணாடித் திரை, சில நூறு கிலோமீட்டர் கம்பி.

ராஜர்ஸ் சொன்னது வெறும் நம்பிக்கையா என்று பிறகு பலர் கணக்குப் பார்த்தார்கள். ராபர்ட் எலியட்டும் சகாக்களும் 2018-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, 82 ஆய்வு மாதிரிகளில் அடங்கிய 6,138 பேரின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தது. ஆலோசகரின் ஒத்துணர்வுக்கும் சிகிச்சையின் பலனுக்கும் இடையே 0.28 அளவுக்கு ஒட்டுறவு இருந்தது. பலனில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் சுமார் 8 சதவீதத்துக்கு இது ஈடு. கேட்கச் சின்ன எண்தான். உளவியல் சிகிச்சையில் தனியொரு காரணி இவ்வளவு தருவது நல்ல கணக்கு. அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. ஆலோசகர் எதிராளியின் மனதைச் சரியாக ஊகிக்கிறாரா என்று சோதிக்கும் அளவைகள் பலனை அவ்வளவாக முன்கூட்டிச் சொல்லவில்லை. ‘என்னைப் புரிந்துகொள்கிறார்’ என்று வந்தவர் உணர்வதைப் பதிவுசெய்யும் அளவைகள் போன்றவைதான் மேலாகச் சொல்லின. மனதைப் படிக்கும் வித்தையைவிட, படித்தது தெரிவது முக்கியமாக இருக்கிறது.

அது தெரிவது எப்படி? பெரும்பாலும் முகத்தில், பெரும்பாலும் நாம் அறியாமல்.

ஸ்வீடனின் உப்சலா பல்கலைக்கழகத்தில் உல்ஃப் டிம்பெர்க் பல ஆண்டுகள் ஒரே கேள்வியைத் துரத்தினார். பிறர் முகத்தைப் பார்க்கும்போது நம் முகத்தில் என்ன நடக்கிறது? கன்ன எலும்பிலிருந்து உதட்டோரத்துக்கு இறங்கும் தசை சிரிப்பை இழுக்கிறது. புருவத்தின் உட்பக்கத்தில் இருக்கும் சிறு தசை முகத்தைச் சுளிக்கவைக்கிறது. இரண்டின் மேலும் மின்முனைகளை ஒட்டி வைத்தால், கண்ணுக்குத் தெரியாத அளவு அசைவும் பதிவாகும். அவரும் சகாக்களும் 2000-இல் வெளியிட்ட சோதனையில் சிரித்த முகத்தையும் கோப முகத்தையும் வெறும் 30 மில்லி விநாடி காட்டி, உடனே உணர்ச்சியற்ற முகம் ஒன்றால் மறைத்தார்கள். பார்த்தவர்களுக்குச் சிரிப்பையோ கோபத்தையோ பார்த்த நினைவே இல்லை. அவர்கள் தசைகள் மட்டும் ஒரு நொடிக்குள் பதில் சொல்லியிருந்தன. சிரிப்புக்குக் கன்னத் தசை, கோபத்துக்குப் புருவத் தசை.

இதை வைத்துக்கொண்டு ‘ஒத்துணர்வு என்றால் எதிராளியின் முகத்தைப் பிரதி எடுப்பது’ என்று ஒரு சுலபமான கோட்பாடு கிளம்பியது. பயிற்சி வகுப்புகளில் இன்றும் அதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். வந்தவர் முன்னால் குனிந்தால் நீங்களும் குனியுங்கள், அவர் சிரித்தால் சிரியுங்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஆலோசனை அறையை நேரில் அளந்தவர்கள் கண்டதும் வேறு.

ஜெர்மனியின் சார்ப்ரூக்கன் நகரில் ரைனர் க்ராவுஸேவும் அவருடைய குழுவினரும் சிகிச்சை அமர்வுகளை இருவரின் முகமும் தெரியும்படி படம்பிடித்தார்கள். பால் எக்மன், வாலஸ் ஃப்ரீசன் இருவரும் 1978-இல் உருவாக்கிய முகத்தசைக் குறியீட்டு முறையைப் பின்பற்றி, எந்தத் தசை எப்போது அசைந்தது என்று குறித்தார்கள். ஒரு நிமிடப் படத்தைக் குறிக்கவே மணிக்கணக்கில் ஆகும் வேலை. கிடைத்த முடிவு பலரைச் சங்கடப்படுத்தியது. வந்தவர் சிரிக்க, ஆலோசகரும் சிரிக்க, இருவரும் மாறி மாறிச் சிரித்துக்கொண்ட சிகிச்சைகள் நன்றாக முடியவில்லை. வந்தவர் ஒரு அவமானத்தைச் சிரித்துக்கொண்டே சொல்லும்போது, எந்த உணர்ச்சி அவர் முகத்தில் வராமல் தடுக்கப்பட்டதோ அது ஆலோசகரின் முகத்தில் வந்த சிகிச்சைகள் பலன் தந்தன. முதல் சந்திப்பிலேயே பரஸ்பரச் சிரிப்பு மிகுந்திருந்தால் பின்விளைவு மோசம் என்று வேறொரு ஜெர்மன் குழு 2005-இல் காட்டியது.

யோசித்தால் இது நமக்குத் தெரிந்ததே. ‘அப்பா என்னை எல்லார் முன்னாலயும் அடிச்சார் சார், ஹா ஹா’ என்று ஒருவர் சொல்கிறார். கூடவே சிரிக்கிறவர் அவருடைய மறைப்புக்குத் துணைபோகிறார். ஒரு கணம் புருவம் தாழ்த்தி, சிரிக்காமல் பார்க்கிறவர்தான் அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருப்பதைக் கேட்டவர். முகம் கண்ணாடியாக இருப்பதும் முகம் பதில் சொல்வதும் வேறு வேறு வேலைகள்.

பதில் என்று வந்துவிட்டால் நேரம் வந்துவிடுகிறது. பிரதி எடுப்பது கொஞ்சம் தாமதமானாலும் பிரதிதான். பதில் தாமதமானால் வேறு எதற்கோ பதிலாகிவிடும்.

இதற்கு என்னிடம் உள்ள மிகச் சிறந்த சான்று ஆலோசனை அறையிலிருந்து வரவில்லை. எடின்பரோவில் லின் மரேவும் கால்வின் ட்ரெவார்தனும் செய்த சோதனையிலிருந்து வருகிறது, 1985-இல் வெளியானது. சில வாரமே ஆன குழந்தையையும் தாயையும் தனித்தனி அறைகளில் வைத்து, மூடிய சுற்றுத் தொலைக்காட்சி வழியாக ஒருவரை ஒருவர் பார்க்கவைத்தார்கள். இன்றைய வீடியோ அழைப்பின் மூதாதை என்று வைத்துக்கொள்ளுங்கள். நேரலையாக ஓடியபோது குழந்தை தாயைப் பார்த்துக் கொஞ்சியது, வாயசைத்தது, உற்சாகமாக இருந்தது. பிறகு, சற்று முன் பதிவான தாயின் அதே படத்தை மறுபடி ஓட்டினார்கள். அதே தாய், அதே கொஞ்சல், அதே சிரிப்பு. குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டது, சிணுங்கியது. தாயின் முகத்தில் அன்புக்குக் குறைவில்லை. அந்த அன்பு இந்தக் கணத்தில் குழந்தை செய்ததற்கான பதிலாக இல்லை.

நியாயமாக இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். 1998-இல் பிலிப் ரோஷாவின் குழு இதைத் திரும்பச் செய்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு ஜாக்லின் நடேலின் குழு, நேரலைக்கும் பதிவுக்கும் நடுவே வெட்டுத் தெரியாதபடி அமைத்துச் செய்தபோது கிடைத்தது. குழந்தைகளைப் பற்றிய சச்சரவு முடியவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், பெரியவர்களின் உரையாடலில் நேரத்தின் ஆட்சி பற்றிச் சந்தேகம் குறைவு.

டானிஷ், ஜப்பானியம், லாவோ, இத்தாலியம் உள்ளிட்ட 10 மொழிகளின் உரையாடல்களை 2009-இல் டான்யா ஸ்டிவர்ஸின் குழு அளந்தது. தமிழ் அதில் இல்லை. கேள்வி முடிவதற்கும் பதில் தொடங்குவதற்கும் இடையிலான இடைவெளி சராசரியாகச் சுமார் 200 மில்லி விநாடி, அதாவது நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. ஒரு வார்த்தையை யோசித்து உச்சரிக்கவே அதைவிட அதிக நேரம் வேண்டும். ஆகவே எதிராளி பேசி முடிக்கும் முன்பே, எங்கே முடிப்பார் என்று ஊகித்து நாம் பதிலைத் தயார் செய்துவிடுகிறோம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜூலி போலண்டும் சகாக்களும் நேரில் பேசுகிறவர்களையும் ஜூமில் பேசுகிறவர்களையும் ஒப்பிட்டு 2022-இல் எழுதினார்கள். ஒருவர் முடித்து மற்றவர் தொடங்கும் இடைவெளி நேரில் 135 மில்லி விநாடி. ஜூமில் 487. வலையமைப்பின் தாமதம் அந்த வித்தியாசத்தில் ஒரு பகுதிதான். ஊகிக்கும் தாளமே குலைந்துபோவதால் மீதி வருகிறது.

வில்லுப்பாட்டில் பின்பாட்டுக்காரர் ‘ஆமா’ போடுவதைக் கேட்டவர்களுக்கு இது விளங்கும். அந்த ‘ஆமா’ அரை நொடி தள்ளி விழுந்தால் கதை சொல்பவரின் அடுத்த வரியை மிதிக்கும். கேட்கிறவர் பின்தங்கிவிட்டார் என்று கூட்டத்துக்கே தெரிந்துவிடும்.

ஆலோசகரின் ‘ம்’, ‘சரி’, மெல்லிய தலையசைப்பு எல்லாம் இந்த வகை. நேரில் அவை பேச்சின் மேலேயே, பேச்சை நிறுத்தாமல் விழுகின்றன. வீடியோ அழைப்பில் இரண்டு இடைஞ்சல். முதலாவது, தாமதம். இரண்டாவது, எதிரொலியையும் இரைச்சலையும் அடக்கும் மென்பொருள். இருவர் ஒரே நேரத்தில் ஒலி எழுப்பினால் அது ஒருவரின் ஒலியைத் தாழ்த்திவிடக்கூடும். அழுதுகொண்டே பேசுபவருக்கு ஆலோசகர் ‘ம்’ சொல்ல, அந்த ‘ம்’ பேசுபவரின் வார்த்தையையே விழுங்கிவிடுகிறது. ‘என்ன சொன்னீங்க மேடம்?’ என்று அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்கிறார். இரண்டு முறை இப்படி ஆனால் ஆலோசகர் குரலை அடக்கிக்கொண்டு தலையசைப்பை மட்டும் நம்பத் தொடங்குகிறார். சுமை முழுவதும் முகத்தின் மேல் விழுகிறது.

தாமதத்தின் கெடுதல் அது தாமதமாகத் தெரியாததில்தான் இருக்கிறது. ஜெர்மனியில் காட்ரின் ஷோனன்பெர்க்கும் சகாக்களும் தொலைவழி உரையாடல்களில் வேண்டுமென்றே தாமதத்தைச் சேர்த்துப் பார்த்து 2014-இல் எழுதினார்கள். இணைப்பில் கோளாறு என்று பேசியவர்கள் நினைக்கவில்லை. எதிரில் இருப்பவர் கவனமில்லாதவர், அவ்வளவு நட்பானவரில்லை என்று மதிப்பிட்டார்கள். கம்பியின் குற்றம் மனிதரின் குணமாகிவிடுகிறது. ஏற்கெனவே ‘என்னை யாரும் கவனிப்பதில்லை’ என்ற வலியோடு வருகிறவருக்கு, ஒரு நொடி பிந்திய தலையசைப்பு என்ன சொல்லும் என்று விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது கண். இங்கே வீடியோ அழைப்பு ஒரு விநோதமான தண்டனையைக் கண்டுபிடித்திருக்கிறது. கேமரா திரைக்கு மேலே இருக்கிறது, எதிராளியின் முகம் திரைக்கு நடுவே இருக்கிறது. அவர் முகத்தைப் பார்த்தால், அவருக்கு நாம் கீழே பார்ப்பதாகத் தெரியும். கேமராவைப் பார்த்தால், நேராகப் பார்ப்பதாகத் தெரியும்; அவர் கண்ணில் நீர் கோத்தது நமக்குத் தெரியாது. பார்ப்பதாகத் தோன்ற வேண்டுமானால் பார்க்காமல் இருக்க வேண்டும். ராஜர்ஸின் ஆறாவது நிபந்தனையையும் ஒத்துணர்வையும் ஒன்றுக்கொன்று எதிரியாக்கிய பெருமை இந்த ஏற்பாட்டுக்கு உண்டு.

நல்லவேளையாக மனிதக் கண் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறது. ஸ்டான்ஃபோர்டில் மில்டன் சென் 2002-இல் கண்ட உண்மை இது. எதிராளியின் பார்வை கேமராவிலிருந்து பக்கவாட்டிலோ மேலேயோ சற்று விலகினாலும் நாம் கண்டுபிடித்துவிடுகிறோம். கீழ்ப்பக்கம் விலகினால் மட்டும் சுமார் 5 டிகிரி வரை ‘என்னைத்தான் பார்க்கிறார்’ என்று எடுத்துக்கொள்கிறோம். இதைச் சென்டிமீட்டரில் போட்டுப் பார்க்கலாம். திரையிலிருந்து 60 செ.மீ. தள்ளி உட்கார்ந்தால் 5 டிகிரி என்பது கேமராவுக்குக் கீழே சுமார் 5 செ.மீ. ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் கிட்டத்தட்ட 9 செ.மீ. மடிக்கணினியில் முகம் முழுத்திரையில் ஓடும்போது கண்கள் கேமராவுக்குக் கீழே 7, 8 செ.மீ.யில்கூட இருக்கும். ஆகவே வழி எளிது. எதிராளியின் சாளரத்தைச் சிறிதாக்கி, கேமராவுக்கு நேர் கீழே இழுத்து வைத்து, நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொள்ள வேண்டும். நாற்காலி பின்னால் போனால் கைகளும் தோள்களும் சட்டத்துக்குள் வரும் என்பது உபரி லாபம்.

இன்னொரு உபரி லாபமும் உண்டு. மிக அருகிலிருந்து நீண்ட நேரம் நேராகப் பார்க்கும் பெரிய முகம், காணொளி அழைப்புகளின் களைப்புக்கு ஒரு காரணம் என்று ஜெரமி பெய்லன்சன் 2021-இல் வாதிட்டார். தன் முகத்தையே திரையில் பார்த்துக்கொண்டிருப்பதையும் காரணங்களில் ஒன்றாகச் சேர்த்தார். ஆலோசகருக்கு இந்த இரண்டாவது பெரிய தொல்லை. துயரத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது தன் முகம் துயரமாக இருக்கிறதா என்று ஓரக்கண்ணால் சரிபார்க்கிற ஒருவர், அந்தக் கணத்தில் கேட்பதை நிறுத்திவிட்டார். தன் படத்தை மறைக்கும் பொத்தான் பல மென்பொருள்களில் இருக்கிறது. சட்டத்துக்குள் சரியாக இருக்கிறோமா என்று பார்த்துவிட்டு அதை அழுத்திவிடுவது நல்லது.

பார்வைக் கோணத்தை இயந்திரமே திருத்தித் தரட்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். ஆப்பிள் நிறுவனம் 2020-இல் ஃபேஸ்டைமில் இதைக் கொண்டுவந்தது. 2023-இல் என்விடியா தன் மென்பொருளில் சேர்த்தது. நீங்கள் எங்கே பார்த்தாலும் படத்தில் கண்மணிகள் நேராகத் திருப்பி வரையப்படும். அலுவலகக் கூட்டத்துக்கு இது தீங்கில்லாத பொய். ஆலோசனைக்கு வேண்டாம் என்பது என் தீர்ப்பு. எதிரில் இருப்பவர் ஏதோ சொல்லும்போது ஆலோசகரின் கண் ஒரு கணம் தாழ்ந்தால், அதுவும் பதில்தான். அதை வெட்டி எறிந்துவிட்டு விடாத பார்வையை ஒட்டுவது, ராஜர்ஸ் கேட்ட பாசாங்கின்மைக்கு நேர் எதிர்.

படத்தின் தெளிவைப் பற்றி ஆலோசகர்கள் மிகையாகக் கவலைப்படுகிறார்கள் என்று நினைக்கிறேன். அந்தக் கவலைக்கு ஒரு வரலாறு உண்டு. 1966-இல் ஹேகார்ட், ஐசக்ஸ் என்ற ஆய்வாளர்கள் சிகிச்சைப் படங்களை மெதுவாக ஓட்டிப் பார்த்தபோது, வழக்கமான வேகத்தில் கண்ணுக்கே படாத கணநேர முகபாவங்களைக் கண்டார்கள். பின்னாளில் எக்மன் அவற்றைப் புகழ்பெறச் செய்தார். நொடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை நீடிப்பவை அவை. நொடிக்கு 30 சட்டங்கள் வரும் காணொளியில் மிகக் குறுகிய பாவம் ஒரு சட்டத்தில் அகப்படும். இணைப்பு நலிந்து 10 சட்டமாகக் குறைந்தால் அது நடுவில் தொலைந்துபோகும். தொலைந்தால் போகட்டும். ஒரு பாவத்தைப் பார்த்து உள்ளுணர்ச்சியைச் சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கையே ஆட்டம் கண்டிருக்கிறது. லிசா ஃபெல்ட்மன் பாரெட்டும் வேறு நால்வரும் 2019-இல் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, கோபத்தில் இருப்பவர்கள் முகத்தைச் சுளித்தது சுமார் 30 சதவீத நேரம்தான். ஆனால் வெளிச்சத்தைப் பற்றிக் கவலைப்படுவதில் பொருள் உண்டு. மங்கலான அறையில் கேமரா ஒவ்வொரு சட்டத்துக்கும் அதிக நேரம் எடுத்துக்கொள்வதால் முகம் கலங்கலாகிறது. ஜன்னலை முதுகுக்குப் பின்னால் வைத்தால் ஆலோசகர் கரிய நிழலாகிவிடுகிறார். ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்தால் தீர்ந்தது.

முகம் பாதி மறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஹாங்காங்கில் ஒரு நேரடிச் சோதனை நடந்திருக்கிறது, அதுவும் கொரோனாவுக்கு முன்பே. மருத்துவர்கள் சிலரிடம் முகக்கவசத்தோடும் சிலரிடம் இல்லாமலும் பேசினார்கள். யாருக்கு எது என்பது குலுக்கல் முறையில் முடிவானது. 1,030 நோயாளிகள். 2013-இல் வெளியான முடிவின்படி, கவசம் அணிந்த மருத்துவரின் ஒத்துணர்வுக்கு நோயாளிகள் குறைவான மதிப்பெண் தந்தார்கள். பல நாள் பழக்கத்தால் கிடைக்கும் நன்மையையும் கவசம் குறைத்துவிட்டது. இங்கே குறைந்தது மருத்துவரின் பரிவு அல்லவே. அது போய்ச் சேர்ந்த அளவு.

இத்தனையும் படித்தபின், வீடியோ வழி ஆலோசனை பலன் தராது என்று ஒருவர் முடிவுகட்டினால் தவறில்லை போலத் தோன்றும். தரவுகள் அப்படிச் சொல்லவில்லை. 2018-இல் நார்வுட்டும் சகாக்களும் செய்த தொகுப்பாய்வில், ஆலோசகருக்கும் வந்தவருக்குமான கூட்டுறவு வீடியோவில் சற்றுக் குறைவாகவே இருந்தது. நோய்க்குறிகள் தணிந்ததில் நேர் சிகிச்சைக்கு வீடியோ பின்தங்கவில்லை. அதே ஆண்டு கிறிஸ்டோஃப் ஃப்ளூக்கிகரின் குழு 295 ஆய்வுகளைத் திரட்டியது. கூட்டுறவுக்கும் பலனுக்கும் உள்ள ஒட்டுறவு நேர் சிகிச்சையில் 0.278, இணையவழிச் சிகிச்சையில் 0.275. அந்த இணையவழிச் சிகிச்சைகளில் கணிசமானவை எழுத்தால் நடப்பவை, முகமே இல்லாதவை!

முகம் இவ்வளவு பேசுகிறது என்றால், முகமே இல்லாமலும் எப்படி நடக்கிறது? யேல் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் க்ராவுஸ் 2017-இல் வெளியிட்ட ஐந்து சோதனைகள் ஒரு விடை தருகின்றன. பிறர் மனநிலையை ஊகிக்கச் சொன்னபோது, குரலை மட்டும் கேட்டவர்கள், குரலையும் முகத்தையும் சேர்த்துப் பெற்றவர்களைவிடச் சரியாகச் சொன்னார்கள். முகத்தை நாம் பழக்கிவைத்திருக்கிறோம். விருந்தாளிக்கு முன்னால் சிரிக்க, அழுகையை அடக்க, சின்ன வயதிலிருந்தே பயிற்சி. குரலுக்கு அந்த அளவு காவல் இல்லை. பார்க்க எதுவும் இல்லாதபோது கேட்பவரின் கவனமும் ஒரே இடத்தில் குவிகிறது. கவனித்துக் கேட்டவரின் பதில், சொற்களின் வழியாகவே சரியான இடத்தில் வந்து விழுகிறது.

அதனால்தான் வீடியோவில் பழகிய ஆலோசகர்கள் செய்யும் ஒரு திருத்தத்தைப் பற்றி எனக்குத் தயக்கம் இருக்கிறது. திரை முகபாவத்தை மழுக்கிவிடுகிறது என்பதால் அவர்கள் அதைப் பெரிதாக்குகிறார்கள். தலையைப் பலமாக ஆட்டுகிறார்கள், புருவத்தை ஏற்றுகிறார்கள், கண்ணை விரிக்கிறார்கள். ஓரளவு வேண்டியதுதான். ஆனால் பழுது ஏற்பட்ட இடம் நேரம். அவர்கள் கூட்டுவது அளவை. பெரிய தலையசைப்பும் அரை நொடி பிந்தியே போய்ச் சேரும், பெரிதாக இருப்பதால் பிந்தியது இன்னும் பளிச்சென்று தெரியும். அளவைக் கூட்டுவதற்குப் பதிலாக இடைவெளியைக் கூட்டலாம். வந்தவர் ஒரு துண்டைச் சொல்லி முடிக்கும்வரை முழுதாகக் காத்திருந்து, பிறகு ஒரே வாக்கியத்தில், கேட்டதை வாயால் சொல்லிவிடலாம். ‘அண்ணன் பேசாமல் போனதுதான் அதிகமாக வலித்தது போல’ என்று. நேரில் முகம் சொல்லிவிட்டுப் போவதைத் திரையில் வாய் சொல்ல வேண்டியிருக்கிறது. இணைப்பு தடுமாறும்போது, ‘படம் நின்றுவிட்டது, நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்’ என்று உடனே சொல்வதும் சிகிச்சையின் பகுதிதான். கம்பியின் குற்றம் தன் குணமாகாமல் அது தடுக்கிறது.

திரைவழி மனநல மருத்துவம் கொரோனா தந்த புதுமை என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மனநலக் கழகத்தில் செசில் விட்சன் 1950களின் இறுதியிலேயே இருவழித் தொலைக்காட்சியில் குழுச் சிகிச்சையை முயன்றார். 1964-இல் ஒமாஹாவிலிருந்து 112 மைல் தொலைவிலிருந்த நார்ஃபோக் அரசு மருத்துவமனைக்கு இணைப்புப் போட்டார். தமிழ்நாட்டில், சென்னையின் ஸ்கார்ஃப் மனநல அமைப்பு 2010-இல் புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களுக்கு ஒரு பேருந்தை அனுப்பியது. பேருந்துக்குள் ஒரு திரை, சென்னையில் மருத்துவர், பக்கத்தில் உள்ளூர்ப் பணியாளர், மருந்தும் அங்கேயே. அந்தப் பணியாளரைப் பற்றி ஆய்வுக் கட்டுரைகளில் ஒரு வரிதான் வரும். திரையில் இருக்கும் முகம் பிந்தும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆளின் முகம் பிந்துவதில்லை என்பதை நினைத்தால், அந்த ஏற்பாட்டின் மிகப் பெரிய தொழில்நுட்பம் அவர்தான் என்று சொல்லத் தோன்றுகிறது.

ஒன்றிய அரசின் டெலி மானஸ் மனநல ஆலோசனைச் சேவை 2022 அக்டோபர் 10 அன்று தொலைபேசிக் குரலோடு மட்டும் தொடங்கியது. சரியாக இரண்டு ஆண்டு கழித்து வீடியோ வசதி அறிவிக்கப்பட்டபோது, முதலில் தொடங்கும் இடங்களில் தமிழ்நாடும் இருந்தது. இதைப் படிக்கும் நீங்கள் ஆலோசனை தேடுகிறவர் என்றால், திரை விட்டு விட்டு வந்து ஆலோசகரின் முகம் உங்களைக் குழப்பினால், வீடியோவை அணைத்துவிட்டுக் குரலில் தொடரலாமா என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல, சிகிச்சைக்கும் நட்டமில்லை. முகம் தெரியாத அழைப்பு என்பதற்காகவும் தயங்க வேண்டாம். டெலி மானஸின் எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம்.